வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வாசனை தெரியவில்லையா? மூக்கை மறுபடி பழக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காய்ச்சல் விட்டாயிற்று, இருமலும் நின்றாயிற்று, வேலைக்கும் போகத் தொடங்கியாயிற்று. ஆனாலும் சிலருக்கு வாசனை மட்டும் திரும்புவதில்லை. பக்கத்து அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது. ரசத்தில் பெருங்காயம் போட்டார்களா இல்லையா என்று சொல்ல முடியாது. இதை வீட்டில் சொன்னால், "வாசனைதானே, தானா வந்துடும்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். பலருக்குத் தானாக வந்துவிடுகிறது, உண்மைதான். வராதவர்களுக்கு அது சின்ன விஷயமே அல்ல. பசி குறைகிறது, எடை இறங்குகிறது, சமைப்பதில் ஆர்வம் போகிறது, மனம் சோர்ந்துபோகிறது. அப்படிப்பட்டவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மூக்குக்குள் என்ன நடந்தது?

மூச்சு போய்வரும் பாதை முழுவதும் வாசனையை உணர்வதில்லை. இரண்டு கண்களுக்கும் நடுவே, மூக்கின் உச்சிப் பகுதியில் உள்ள ஒரு சிறிய சவ்வுதான் அந்த வேலையைச் செய்கிறது. அதில் இருக்கும் நரம்பு செல்களின் நுனிகளில், மணப்பொருட்களைப் பிடித்து உணரும் வாசனை ஏற்பிகள் உள்ளன. மனிதர்களிடம் ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள் உண்டு. இவற்றுக்கான மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த நரம்புகள் மெல்லிய எலும்பொன்றில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக நேரே மூளைக்குள் நுழைகின்றன.

சளிக் காய்ச்சல், இன்ஃபுளுயன்ஸா, கொரோனா என எந்த வைரஸும் இந்தச் சவ்வைப் பாதிக்கலாம். கொரோனா விஷயத்தில் 2020-இலேயே ஒரு முக்கியமான உண்மை தெரியவந்தது. அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏ.சி.இ.-2 என்ற புரதம் வாசனை நரம்புகளில் இல்லை. அவற்றைத் தாங்கிப் பராமரிக்கும் துணை செல்களில்தான் இருக்கிறது. துணை செல்கள் சீக்கிரமே மறுபடி வளர்ந்துவிடும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வாசனை திரும்புவதற்கு இது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. வீக்கம் நீடித்து நரம்பு செல்களும் அடிவாங்கியவர்களுக்குத்தான் மாதக்கணக்கில் இழுக்கிறது.

இதில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைக்கும் மிகச் சில நரம்பு செல்களில் இவையும் சேர்த்தி. ஆனால் புதிதாக முளைத்த நரம்பு மூளையில் சரியான இடத்தோடு இணைய வேண்டும், வந்த செய்தி என்ன என்று மூளையும் கற்றுக்கொள்ள வேண்டும். நாம் உதவக்கூடியது இந்தக் கட்டத்தில்தான்.

கொரோனாவுக்குப் பின் வாசனை இழந்தவர்கள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, 30 நாளில் நான்கில் மூன்று பேருக்கும், 6 மாதத்தில் ஏறக்குறைய 96 சதவீதம் பேருக்கும் வாசனை திரும்பியிருந்தது. மீதமுள்ளவர்கள் சதவீதத்தில் குறைவுதான். ஆனால் கொரோனா உலகம் முழுவதையும் தொட்ட நோய் என்பதால் எண்ணிக்கையில் அவர்கள் ஏராளம்.

எல்லாவற்றுக்கும் முன்: வீட்டைப் பத்திரமாக்குங்கள்

பயிற்சியெல்லாம் அப்புறம். முதலில் கேஸ் அடுப்பைக் கவனியுங்கள். சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாறும் பொருளைக் கலக்கிறார்கள். உங்கள் மூக்குக்கு இப்போது அந்த எச்சரிக்கை கேட்காது. எனவே கேஸ் கசிவை உணரும் அலாரம் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அதனால் அலாரம் தரைக்கு அருகில் இருக்க வேண்டும். இரவில் ரெகுலேட்டரை மூடுவதைப் பழக்கமாக்குங்கள். இந்தியாவில் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906. அதைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைக்கும் குழம்பு, மாவு, பால் எல்லாவற்றிலும் தேதி எழுதி ஒட்டுங்கள். மோந்து பார்த்துக் கெட்டுவிட்டதா என்று தீர்மானிக்கும் வேலையை வீட்டில் வேறு ஒருவரிடம் கொடுங்கள். தனியாக இருப்பவர் என்றால், சந்தேகம் வந்தால் கொட்டிவிடுவதுதான் வழி. அடுப்பில் ஏதாவது இருக்கும்போது மொபைலில் டைமர் வைக்காமல் சமையலறையை விட்டு நகராதீர்கள்.

எது போயிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

"ருசியே தெரியல" என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு நாக்கு நன்றாகவே இருக்கும். நாக்கு அறிவது இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, உமாமி (காளான், கறிச்சாறு போன்றவற்றில் வரும் சுவை) என்ற சிலவற்றைத்தான். மாம்பழத்தை மாம்பழமாகவும் பலாவைப் பலாவாகவும் காட்டுவது, மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம்.

ஒரு எளிய சோதனை. ஒரு ஏலக்காயின் விதைகளைக் கொஞ்சம் சர்க்கரையோடு சேர்த்துத் தட்டிக்கொள்ளுங்கள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதை வாயில் போட்டு மெல்லுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். இப்போது மூக்கை விடுங்கள். சரியான மூக்கு என்றால் ஏலக்காய் மணம் உடனே வாயெல்லாம் நிறையும். மூக்கை விட்ட பிறகும் வெறும் இனிப்பாகவே இருந்தால் போயிருப்பது வாசனைதான். இனிப்பே தெரியவில்லை என்றால் அது வேறு சிக்கல், மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டியது.

அடுத்தது பலரும் ஏமாந்துபோகும் இடம். தலைவலித் தைலத்தையோ கற்பூரத்தையோ மோந்துவிட்டு, "இதெல்லாம் நல்லா தெரியுதே, அப்ப மூக்கு சரியாத்தான் இருக்கு" என்று முடிவுகட்டுவார்கள். தைலத்தின் சில்லிப்பு, மிளகாய் நெடி, அம்மோனியாவின் காரம் இவற்றை உணர்வது முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பு. அதற்கும் வாசனை நரம்புக்கும் சம்பந்தம் இல்லை. வாசனை துளியும் இல்லாதவருக்கும் தைலம் சுள்ளென்று ஏறும். சோதிக்க ஏற்றவை பன்னீர், வெனிலா எசன்ஸ், காபித்தூள் போன்றவை. இவற்றில் சில்லிப்பும் இல்லை, எரிச்சலும் இல்லை. தெரிந்தால் அது வாசனைதான்.

டாக்டரை எப்போது பார்ப்பது?

காய்ச்சல் முடிந்து நான்கு வாரத்துக்கு மேலாகியும் முன்னேற்றம் இல்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூக்கின் ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தாலோ, அந்தப் பக்கம் ரத்தம் வந்தாலோ, தலையில் அடிபட்ட பிறகு வாசனை போயிருந்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோ சளியோ எதுவும் இல்லாமல் வாசனை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வருவதும் கவனிக்க வேண்டிய அறிகுறி. மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கலாம். அபூர்வமாக, பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்கள் கை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே இப்படித் தலைகாட்டுவதுண்டு.

மருத்துவர் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை விட்டு உள்ளே பார்ப்பார். அடைப்போ சதையோ இருந்தால் சிகிச்சையே வேறு. எத்தனை பயிற்சி செய்தாலும் மணம் ஏறவேண்டிய வழி மூடியிருந்தால் பலன் இருக்காது. அதனால்தான் நீண்டநாள் தொல்லை உள்ளவர்கள் ஒரு தடவையாவது உள்ளே பார்த்துவிடுவது நல்லது என்கிறேன்.

மூக்கைக் கழுவுதல்

சளியும் அடைப்பும் உள்ளவர்களுக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுவது உதவும். மருந்துக் கடைகளில் அதற்கான புட்டியும் அளவான உப்புப் பொட்டலங்களும் கிடைக்கின்றன. வீட்டு உப்பைக் குத்துமதிப்பாகப் போடுவதைவிட அவை மேல். தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ நேரடியாக மூக்குக்குள் போகக் கூடாது. மூளையைத் தின்னும் அமீபா என்று செய்திகளில் வரும் நெக்லீரியா, மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது. கேரளத்தில் அண்மைய ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சலுக்கு உயிர்கள் போயிருக்கின்றன. நன்றாகக் கொதிக்க வைத்து, மூடிவைத்து ஆறவைத்த தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். புட்டியையும் ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயவையுங்கள்.

வாசனைப் பயிற்சி

இதுதான் முக்கியமான பகுதி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாசனை ஆராய்ச்சி செய்யும் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாசனை இழந்த 40 பேர் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்ற நான்கு மணங்களைக் காலையும் மாலையும் 12 வாரம் மோந்தார்கள். பயிற்சி செய்யாத 16 பேரோடு ஒப்பிட்டபோது, பயிற்சி செய்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் இந்த முறைக்கு ஆதரவாகவே இருக்கின்றன. செலவு குறைவு, பக்கவிளைவு அநேகமாக இல்லை. இந்தச் சிக்கலுக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏன் அந்த நான்கு? பூ, பழம், மசாலா, பிசின் என்று மணங்களைக் குடும்பமாகப் பிரித்தால், குடும்பத்துக்கு ஒன்று. நம் வீடுகளில் இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. அஞ்சறைப் பெட்டியில் கிராம்பு இருக்கிறது. எலுமிச்சை இருக்கிறது. நீலகிரித் தைலம் என்று ஊட்டியிலிருந்து வாங்கிவருகிறோமே, அது யூகலிப்டஸ் எண்ணெய்தான். ரோஜாவுக்கு மட்டும் நல்ல ரோஜா எண்ணெய் வாங்குங்கள்; விலை அதிகம் என்றால் மணம் கெட்டியான பன்னீர் அல்லது வாடாத பன்னீர் ரோஜா இதழ்கள் போதும்.

அகன்ற வாயுள்ள நான்கு சிறிய கண்ணாடிக் குப்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிறக் கண்ணாடி என்றால் வெளிச்சம் படாமல் எண்ணெய் நாள்படத் தாங்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பஞ்சை வைத்து அதில் 10 முதல் 15 சொட்டு எண்ணெய் விடுங்கள். முழுக் கிராம்பு என்றால் நான்கைந்தை லேசாக நசுக்கிப் போடுங்கள். நசுக்காத கிராம்பு மணத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். எலுமிச்சையில் சாற்றைவிடத் தோலில்தான் மணம் இருக்கிறது. தோலை நகத்தால் கீறினால் சிறு துளிகளாக எண்ணெய் பீறிடுவது கண்ணுக்கே தெரியும், அதுதான் நமக்கு வேண்டியது. தோல் என்றால் தினமும் புதிதாகக் கீறிவையுங்கள். எண்ணெய்க் குப்பிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். குப்பிகளின் மேல் பெயரைப் பெரிதாக எழுதுங்கள்.

காலையில் சாப்பிடுவதற்கு முன்பும் இரவில் படுப்பதற்கு முன்பும் ஒரு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். டிவி, மொபைல் வேண்டாம். முதல் குப்பியைத் திறந்து மூக்குக்குக் கீழே, தொடாமல் பிடியுங்கள். இழுத்து ஒரே மூச்சாக உறிஞ்சாதீர்கள். சின்னச் சின்ன மோப்பங்களாக 10 முதல் 20 விநாடி வரை மோந்து பாருங்கள். அப்போது பெயரைப் பார்த்தபடி அந்த மணத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ரோஜா என்றால் கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்தது, கிராம்பு என்றால் பிரியாணி அண்டாவைத் திறந்த கணம். ஒன்றுமே தெரியாத நாட்களில் இது வெட்டிவேலை போலத்தான் இருக்கும், ஆனால் கவனம் கொடுக்காமல் மோப்பதும் கவனத்தோடு மோப்பதும் ஒன்றல்ல. மூளைக்கு நாம் தரும் பாடமே அந்தக் கவனம்தான். மூடிவிட்டு அரை நிமிடம் சாதாரணமாக மூச்சு விடுங்கள். அப்புறம் அடுத்த குப்பி.

யூகலிப்டஸ் குப்பியில் ஒரு எச்சரிக்கை. அதன் சில்லிப்பை முன்னேற்றமாகக் கணக்கு வைக்காதீர்கள். சில்லிப்புக்குப் பின்னால் இலை கசக்கிய மணம் ஒன்று இருக்கிறது. அது தெரிகிறதா என்று தேடுங்கள்.

ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை, நான்குக்கும் தனித்தனியாகச் சுழியத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் போடுங்கள். தினமும் போட்டால் சலிப்புதான் மிஞ்சும். முன்னேற்றம் முதலில் வரும் விதம் பலருக்கும் எதிர்பாராததாக இருக்கிறது. "ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை" என்பதுதான் முதல் கட்டம். பிறகு, "இதுவும் அதுவும் வேறு" என்று தெரியும். பெயர் சொல்லத் தெரிவது கடைசியில். முதல் கட்டத்தையே சுழியம் என்று தள்ளிவிடாதீர்கள், அதற்கு ஒரு மதிப்பெண் உண்டு.

குறைந்தது 12 வாரம் செய்யுங்கள், ஆறு மாதம் என்றால் இன்னும் நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு மணங்களையும் மாற்றுவது கூடுதல் பலன் தருவதாகவும் ஆய்வு இருக்கிறது. நம்மிடம் மாற்றுக்குப் பஞ்சமே இல்லை. மல்லிகை, ஆரஞ்சுத் தோல், ஏலக்காய், வெட்டிவேர் என்று ஒரு சுற்று. மரிக்கொழுந்து, கொய்யா, பட்டை, சாம்பிராணி என்று அடுத்த சுற்று. சாம்பிராணியைப் புகைக்க வேண்டாம், கட்டியாகவே மோந்து பாருங்கள்.

எண்ணெய்களை மூக்குக்குள் விடவோ தோலில் தடவவோ கூடாது. யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் சிறு குழந்தைகள் வாயில் போட்டால் வலிப்பு வரை போகும், எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காபி நாறுகிறதா? பயப்படாதீர்கள்

இரண்டு மூன்று மாதம் கழித்து, வாசனை திரும்பத் தொடங்கும் நேரத்தில், பலருக்கு விசித்திரமான ஒன்று நடக்கிறது. காபி சாக்கடையாக நாறும். வெங்காயம் வதக்கினால் ரப்பர் கருகும் வாடை. பற்பசை, முட்டை, கோழிக்கறி எல்லாமே ஊசிப்போனது போல. எங்கள் அத்தைக்கு இது வந்தபோது, தாளிக்கும் சத்தம் கேட்டாலே புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். "டிகாஷன்ல என்னத்த கலந்த?" என்று வீட்டில் எல்லோர் மேலும் சந்தேகம். அவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தவர்களும் உண்டு. மிகை எதுவும் இல்லை. பரோஸ்மியா என்று இதற்குப் பெயர், மருத்துவம் நன்கு அறிந்த நிலை இது.

பிரிட்டனில் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல், காபியில் உள்ள நூற்றுக்கணக்கான மணப்பொருட்களில் எவை இந்தத் தொல்லையைத் தருகின்றன என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். கந்தகம் சேர்ந்த சில மூலக்கூறுகளும், வறுக்கும்போது உண்டாகும் சில மூலக்கூறுகளும்தான் முன்னணியில் நின்றன. மிக மிகச் சிறு அளவிலேயே மூக்கு உணர்ந்துவிடும் பொருட்கள் அவை. வறுத்த காபிக்கொட்டை, வதக்கிய வெங்காயம், பூண்டு, முட்டை, வறுத்த கறி ஆகியவை ஏன் ஒரே பட்டியலில் வருகின்றன என்பது இதிலிருந்து புரியும். பெருங்காயத்தின் மணமும் கந்தகச் சேர்மங்களால் ஆனதுதான்.

புதிய நரம்புகள் இணையும் வழியில் வரும் குழப்பமாகவே இதைப் பார்க்கிறார்கள். ஒன்றுமே தெரியாதிருந்த மூக்கில் இது தொடங்கினால், பெரும்பாலும் அது மீட்சியின் ஒரு கட்டம். சில மாதங்களில் மெல்லத் தணியும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பயிற்சியை நிறுத்த வேண்டாம். குமட்டும் குப்பியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வழி: சூடாக ஆவி பறக்கப் பறக்கச் சாப்பிடாதீர்கள், ஆறினால் மணம் மேலே கிளம்புவது குறையும். தயிர்சாதம், இட்லி, இடியாப்பம், அவல், பழங்கள், மோர் ஆகியவை பலருக்கு ஒத்துப்போகின்றன. தாளிப்பு இல்லாத பருப்பு, தேங்காய்ப்பால் கஞ்சி முயன்று பாருங்கள். புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டையும் கறியும் பிடிக்காதபோது பனீர், வேகவைத்த பயறு கைகொடுக்கும். வீட்டில் இருப்பவர்கள் வறுப்பதும் பொரிப்பதும் அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் செய்தால் அதுவே பேருதவி. வற்புறுத்தி ஊட்டாதீர்கள்.

வாசனையே இல்லாதவர்களுக்கு வேறு வழி. மணம் போனாலும் மொறுமொறுப்பு, புளிப்பு, காரம், சூடு, குளிர்ச்சி எல்லாம் இருக்கின்றன. அப்பளம், வறுத்த வேர்க்கடலை, மாங்காய்த் துண்டு, எலுமிச்சை, மிளகு என்று தட்டில் வேறுபாடு இருக்கட்டும். ருசி போதவில்லை என்று உப்பையும் சர்க்கரையையும் கூட்டிக்கொண்டே போவது சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து. வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

மருந்துகளும் கைவைத்தியமும்

ஸ்டீராய்டு மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். வைரஸுக்குப் பிந்தைய வாசனை இழப்பில் அதனால் பெரிய பலன் நிரூபணமாகவில்லை, சர்க்கரையை ஏற்றிவிடுவது மட்டும் நிச்சயம். ஒவ்வாமை, மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயோ, உப்புநீரில் கலந்து கழுவும் மருந்தோ மருத்துவர் தரலாம், அது வேறு கணக்கு. வைட்டமின் ஏ சொட்டு, ஒமேகா-3, ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா ஊசி ஆகியவற்றை ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள். உறுதியான பரிந்துரை என்ற இடத்துக்கு இன்னும் வரவில்லை.

மூக்கில் போடும் துத்தநாக மருந்துகளைத் தொடவே வேண்டாம். அவற்றால் வாசனை நிரந்தரமாகப் போகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-இலேயே எச்சரித்தது. மூக்கில் எண்ணெய் விடும் பழக்கமும் வேண்டாம், அது நுரையீரலுக்கு இறங்கினால் ஒருவகை நிமோனியாவே வரும். நொச்சி போட்டு ஆவி பிடிப்பது சளிக்கு இதமாக இருக்கும், வாசனை நரம்பை அது வளர்க்காது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோனவர்கள் உண்டு, குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். புகைபிடிப்பவர்கள் நிறுத்தினால் மூக்குக்கு அது நேரடி உதவி.

ஆறு மாதமாகியும் அசைவில்லை என்றால்

மறுபடி காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், கையில் அந்த நோட்டோடு. பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் வாசனையை அளக்கும் சோதனைகள் இருக்கின்றன: மணமுள்ள பேனாக்களை மூக்கருகே காட்டுவது, சுரண்டி மோந்து பெயரைத் தேர்ந்தெடுக்கும் 40 கேள்விகள் கொண்ட சிறு புத்தகம். அவற்றில் கிடைக்கும் எண்ணிக்கை, உங்கள் மதிப்பெண்களைவிடத் துல்லியமாக நிலைமையைச் சொல்லும். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். ஓராண்டுக்குப் பிறகும் இரண்டாம் ஆண்டிலும் முன்னேற்றம் கண்டவர்கள் இருக்கிறார்கள், எனவே குப்பிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தினமும் இருவேளை முடியவில்லை என்றால் ஒருவேளையாவது தொடருங்கள். இடையில் மறுபடி சளி பிடித்து வாசனை பின்வாங்கினால், சளி விட்ட மறுநாளே ரோஜாக் குப்பியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.